தலைத்துண்டில் சேர்ந்த கீரை

வாசலூர்பட்டி ஏரிக்கரையில் படகுச் சீட்டுக்காக நிற்கிறவர்களில் வாரம் இரண்டு பேராவது மாதம்மாளிடம் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்துவிடுவார்கள். பால் நிறத் தோல், சோளத்தட்டை நிறத்தில் முடி, வெளிறிய கண்கள். வெளிநாட்டுக்காரி ஒருத்தி சேலை கட்டி, அதன்மேல் ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொண்டு வாழைப்பழக் கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக் கைப்பேசியை நீட்டுவார்கள். மாதம்மாள் அசையாமல் இருந்து படம் எடுக்க விடுவாள். எடுத்து முடித்ததும் நிதானமாகக் கேட்பாள்:

“ஏனுங்க, படம் நல்லா விழுந்துச்சுங்களா? அப்ப ரெண்டு சீப்பு எடுத்துக்குங்க.”

அவர்கள் திகைத்து நிற்கிற அந்த நொடி அவளுக்கு மிகவும் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு வந்து உட்கார்ந்தால் ஐந்தே முக்காலுக்குள் கூடை காலியாகிவிடும்.

அவள் கொல்லிமலையில் பிறந்து வளர்ந்தவள். 1986ஆம் ஆண்டு ஆடி மாதம், ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பதினெட்டு வீட்டு ஊரில் பிறந்தாள். உடம்பில் நிறமி ஊறாத பிறவி. அப்பா, அம்மா, அண்ணன் செல்லமுத்து எல்லாரும் கறுப்பு. இவள் ஒருத்தி மட்டும் இப்படி. கண்ணும் மங்கல். முதல் வரிசையில் உட்கார்ந்தும் கரும்பலகை தெரியாததால் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாள். எதைப் படிப்பதானாலும் கண்ணுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் பிடித்துப் படிப்பாள், ஆனால் ஓர் எழுத்து விடமாட்டாள். கணவன் சின்னராசு ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு வடக்கே போய் வருடத்தில் இரண்டு முறை வருகிறவன். மகள் தேன்மொழி ராசிபுரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆக, ஊரில் அவளுக்கென்று இருப்பது நிலம்தான்.

ஒரு ஏக்கர் அறுபது சென்ட். அப்பா சாவதற்கு முன்னால் செல்லமுத்துவைக் கூப்பிட்டு, தங்கச்சிக்கு வேறு எந்த வேலையும் கண்ணுக்குப் பிடிபடாது, மண்ணைத் தொட்டுப் பார்த்துச் செய்வாள் என்று சொல்லி அவள் பெயருக்கு எழுதி வைத்தது. மேல்பாதியில் சாமை, கேழ்வரகு, கீழ்ப்பாதியில் மரவள்ளி, ஓடைப் பக்கம் சவுக்கு மரத்தில் ஏறிய மிளகுக் கொடிகள் அறுபத்து நான்கு, அவற்றுக்கு அடியில் கொஞ்சம் காபிச் செடி. பதினாறு வருடமாக அவளே விதைத்து அவளே அறுக்கிறாள். சாமைப் பயிருக்கும் புல்லுக்கும் வித்தியாசம் கண்ணால் தெரியாது. விரலால் தடவினால் தெரியும். களை எடுப்பதில் அண்ணி பொன்னாயியைவிட அவள் கை வேகம். பொன்னாயியே அதை ஒத்துக்கொள்வாள், சிரித்துக்கொண்டு.

அந்த நிலத்துக்குத்தான் 2024 பிப்ரவரியில் ஆபத்து வந்தது.

இடது புறங்கையில் இரண்டு இடத்தில் தோல் சொரசொரப்பாகி, உரித்தால் மறுபடி பொருக்கு கட்டியது. மாதம்மாள் அதை முள் கீறலென்று விட்டிருந்தாள். கிராம சுகாதார செவிலியர் மெர்சி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து மலைக்கு வேலைக்கு வந்தவள், தடுப்பூசி போட வந்த இடத்தில் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு விடவில்லை. எட்டாம் தேதி வியாழக்கிழமை காலை ஆறு பத்து பஸ்ஸில் ஏற்றி, மலையிறக்கி, கீழே இருக்கும் அரசு மருத்துவமனைக்கே கூட்டிப் போனாள். அங்கே தோல் மருத்துவர் விமலா வியாழக்கிழமைகளில் உட்காருவார். அவர் அந்த இரண்டு இடத்தையும் திரவ நைட்ரஜனால் உறையவைத்துப் பொசுக்கினார். இது இன்னும் புற்றுநோய் இல்லை, ஆனால் அந்த வழியில் போகிற சங்கதி என்று சொன்னார். நிறமி இல்லாத தோலுக்கு வெயிலைத் தாங்கும் குடை கிடையாது என்றார். முழுக்கைச் சட்டை போட வேண்டும், தலையும் கழுத்தும் காதும் மூடத் துணி கட்ட வேண்டும், முகத்துக்கும் கைக்கும் களிம்பு பூச வேண்டும், ஆறு மாதம் கழித்து வர வேண்டும். புதிதாக இன்னும் பல கிளம்பினால் வெயிலில் வேலை செய்வதையே நிறுத்தச் சொல்ல வேண்டி வரும் என்றும் சொன்னார்.

செல்லமுத்துவும் கூட வந்திருந்தார். தங்கையிடம் உயிரையே வைத்திருக்கிற மனிதர், அதனாலேயே யோசிக்காமல் பேசினார். அப்படியென்றால் இப்போதே நிறுத்திவிடட்டும், என் நிலத்தோடு சேர்த்து நானே உழுதுகொள்கிறேன், வருகிற தானியத்தை அவள் வீட்டில் கொண்டு போய்ப் போடுகிறேன் என்றார். ஒரு போகம் கையை விட்டுப் போனால் அந்த நிலம் திரும்பக் கைக்கு வராது என்று மாதம்மாளுக்குத் தெரியும். யாரும் பறிக்கப் போவதில்லை. அன்பாலேயே அவளை வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஆறு மாதம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

பிப்ரவரி இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டேகாலுக்கு, அங்கன்வாடி முன்னால் மெர்சி பெண்களைக் கூட்டி வைத்துப் பேசினாள். விரித்த துண்டின்மேல் பூசணி, தக்காளி, கேரட், நான்கு கட்டுக் கீரை. வெயில் தோலுக்குள் இறங்கினால் அங்கே அடங்காத சில பொருள்கள் உண்டாகின்றன, அவை நல்ல செல்களைக் கடித்துக் கெடுக்கின்றன, கீரையிலும் நிறமுள்ள காய்களிலும் இருக்கும் ஆன்டி ஆக்சிடன்ட் அவற்றை அடக்க உதவுகிறது, தோல் புற்றுநோய்க்கும் இது ஓரளவு காவல் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொல்கிறார்கள் என்றாள். ஓரளவு என்பதை அழுத்தித்தான் சொன்னாள். நிழலும் துணியும் முதலில், சாப்பாடு அதற்கு அடுத்து என்றும் சொன்னாள். நாற்பத்தைந்து நிமிடப் பேச்சில் அது கடைசி ஐந்து நிமிடம். மாதம்மாள் அதற்கு முன்பே எழுந்து போய்விட்டாள். கீரை பறிக்கத்தான் போனாள்.

அதுவரை வாரத்தில் இரண்டு மூன்று நாள் பறித்தவள், மறுநாளிலிருந்து தினமும் பறித்தாள். முதல் வாரத்தில் பதினொரு வகை. பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, மணத்தக்காளி, பூசணிக்கொழுந்து, பொன்னாங்கண்ணி என்று ஆரம்பித்து, சாமை முளைத்த பிறகு வயலுக்குள் தானாக வரும் கீரைகளும் சேர, ஜூலை முடிவில் பத்தொன்பது வகை. காலையில் களியோடு கடைந்த கீரை, ராத்திரி சாமைச் சோற்றோடு பொரித்த கீரை. மகள் போனில் பேசினால் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதை விட்டு, இன்றைக்கு எந்தக் கீரை என்று கேட்டாள். பொன்னாயி வேலி ஓரம் நின்று கிண்டல் செய்தாள்.

“ஆட்டுக்குன்னு உட்டு வெச்ச தழை பூராத்தையும் நீயே மேஞ்சுட்டா எப்படி கண்ணு? ஆடு என்னைய மொறைக்குது.”

“ஆட்டுக்கு என்னங்கண்ணி, அது கருப்பு. வெயில் ஒண்ணும் பண்ணாது.”

உடம்பு தெம்பாகத்தான் இருந்தது. நடையில் வேகம் கூடியது. ஏரிக்கரையில் வாழைப்பழம் விற்கும்போது படம் எடுக்கிறவர்களுக்குக் கீரையின் பெருமையையும் சேர்த்துச் சொன்னாள். ஆகஸ்ட் வந்தபோது டாக்டரைப் பார்க்கப் பயமில்லாமல், இன்னும் சொன்னால் காட்டிவிட்டு வர வேண்டும் என்ற துடிப்போடு அண்ணனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஆகஸ்ட் இருபத்திரண்டு, வியாழக்கிழமை. டாக்டர் விமலா பூதக்கண்ணாடி விளக்கைப் பிடித்து முதலில் கைகளைப் பார்த்தார். பழைய இடம் சுத்தமாக ஆறியிருந்தது. புதிதாக ஒன்றும் இல்லை. மாதம்மாள் அண்ணனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். பிறகு டாக்டர் தலைத்துண்டை அவிழ்க்கச் சொல்லிப் பின்னால் வந்து நின்றார்.

பின்கழுத்தில் நான்கு இடம். இடது காதின் மேல் விளிம்பில் ஒன்று, கன்றிப்போய் நடுவில் குழி விழுந்தது. காதில் இருப்பதை இன்றைக்கே வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, வெட்டி, மூன்று தையல் போட்டார். முடிவு வரப் பன்னிரண்டு நாள் ஆகும். கழுத்தில் இருந்த நான்கையும் பழையபடி பொசுக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். கோபமாக இல்லை, வருத்தமாக இருந்தார்.

“மாதம்மா, கழுத்துக்குத் துணி கட்டச் சொன்னேன். ஏன் கட்டல?”

“கட்டறனுங்க டாக்டரம்மா. விடிஞ்சதுலருந்து பொழுது சாயற வரைக்கும் துண்டு என் மேலதானுங்க கெடக்குது.”

“கட்டியிருந்தா இந்த இடத்துல இத்தனை வராது.”

செல்லமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் பொய் சொல்லமாட்டாள் என்றார். பிறகு, எது எப்படியானாலும் சரி, இந்த வருடத்துச் சாமையை நான் அறுத்துக்கொள்கிறேன், அவள் இனி வயலில் இறங்க வேண்டாம் என்றார். டாக்டரும் தலையசைத்தார். மாதம்மாளுக்குக் காதுத் தையல் வலியைவிட அந்தத் தலையசைப்பு வலித்தது. பத்தொன்பது வகைக் கீரை தின்றும் இப்படியா என்று மட்டும்தான் அவளால் கேட்க முடிந்தது.

டாக்டர் தன் கைப்பேசியில் அவளுடைய பின்கழுத்தைப் படம் எடுத்து அவள் கையில் கொடுத்தார். நீங்களே பாருங்கள் என்பது போல.

முப்பத்தெட்டு வருடத்தில் மாதம்மாள் தன் பின்கழுத்தைப் பார்த்ததில்லை. கைப்பேசியைக் கண்ணுக்கு இரண்டு விரற்கடையில் பிடித்தாள். படத்தை மேலிருந்து கீழாக, பக்கவாட்டில், களை தடவுவது போலத் தடவிப் பார்த்தாள். கீழே சட்டைக் காலர் இருந்த இடம் வரை வெள்ளை. மேலே முடிக்கு அடியில் வெள்ளை. நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, செங்கல் நிறத்தில், கோடு போட்டது போல. அந்தப் பட்டைக்குள்தான் நான்கு புண்ணும்.

கைப்பேசியைத் தள்ளிப் பிடித்தாள். திரும்பக் கிட்டே கொண்டுவந்தாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு தொடையில் ஓர் அறை அறைந்து சிரிக்க ஆரம்பித்தாள். மூளை கலங்கிவிட்டதோ என்று அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

“அண்ணா, நான் கீரை பறிக்கையில துண்டு எங்க இருக்கும், சொல்லு.”

“இடுப்புல.”

செல்லமுத்து மெதுவாக உட்கார்ந்தார்.

டாக்டருக்கு விளங்கவில்லை. இரண்டு பேரும் மாறி மாறி, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு விளக்கினார்கள். மலையில் கீரை பறிக்கிற எந்தப் பெண்ணும் கூடை எடுத்துப் போவதில்லை. இரண்டு கையும் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும், பறித்தது மடியில் விழ வேண்டும். சேலை முந்தானையை இழுத்துச் செருகி மடி கட்டுவார்கள். மாதம்மாளோ டாக்டர் சொன்னபடி சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டவள். சட்டை மறைத்த சேலையில் மடி ஏது? அதனால் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டி, அதில் கீரையைச் சேர்ப்பாள். பறித்து முடித்ததும் துண்டை உதறித் திரும்பத் தலையில் கட்டிக்கொள்வாள். ஊரே பார்த்திருக்கிறது. யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை, ஏனென்றால் கீரை அப்படித்தானே பறிப்பது. துண்டு அவள் மேலேதான் இருந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

எத்தனை மணிக்குப் பறிப்பீர்கள் என்று டாக்டர் கேட்டார். பத்து மணிக்கு மேல்தான். பனி காயாத கீரையில் யாரும் கை வைக்கமாட்டார்கள், சீக்கிரம் அழுகிவிடும். பத்து மணியிலிருந்து பதினொன்றேகால் வரை, குனிந்த தலை நிமிராமல், கழுத்து வானத்தைப் பார்த்தபடி. டாக்டர் ஒரு தாளை இழுத்து எழுதினார். பிப்ரவரி இருபத்தொன்றிலிருந்து நேற்று வரை நூற்று எண்பத்து மூன்று நாள். கன மழையால் பறிக்காத நாள் எத்தனை என்று கேட்டார். மாதம்மாள் விரல் மடக்கி முப்பத்தொன்று என்றாள். மீதி நூற்று ஐம்பத்திரண்டு நாள், நாளுக்கு ஒன்றேகால் மணி. நூற்றுத் தொண்ணூறு மணி நேர உச்சி வெயில், திறந்த கழுத்தில்.

இந்த ஆறு மாதத்தில் மட்டும் வந்ததில்லை இது, சின்ன வயதிலிருந்து பட்ட வெயிலெல்லாம் சேர்ந்துதான் வருகிறது என்று டாக்டர் திருத்தமாகச் சொன்னார். ஆனால் அதன்மேல் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தீர்கள் என்றார்.

“அப்ப கீரை ஏமாத்துதுங்களா?”

“இல்ல மாதம்மா. கீரை நல்லதுதான், விடாம சாப்பிடுங்க. அது உள்ளுக்குள்ள ஏதோ கொஞ்சம் தாங்கும். எவ்வளவுன்னு எனக்கே திட்டமா சொல்லத் தெரியாது. வெளியில தாங்கறது துணியும் நிழலும்தான். ஒண்ணு இருக்குன்னு இன்னொண்ண விட முடியாது.”

மாதம்மாள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். காரணம் தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகு வயலை ஏன் விட வேண்டும்? ஆறு மாதம் கொடுங்கள் என்றாள். கழுத்தில் இனி ஒரு பொட்டு வெயில் விழாது, விழுந்து புதிதாக ஒன்று அங்கே கிளம்பினால் நானே அண்ணன் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். டாக்டர் செல்லமுத்துவைப் பார்த்தார். செல்லமுத்து தரையைப் பார்த்தார். கடைசியில் டாக்டர் பிப்ரவரி இருபது என்று சீட்டில் தேதி எழுதினார். காதின் முடிவு கெட்டதாக வந்தால் இந்தப் பேச்சு செல்லாது என்றும் சொன்னார்.

அந்தப் பன்னிரண்டு நாளும் மாதம்மாள் சும்மா உட்காரவில்லை. முதலில் மடியை ஒரு வழி பண்ணினாள். பழைய மாவு மூட்டையைத் துவைத்து, சட்டையின் முன்பக்கம் வயிற்றுக்கு நேரே பெரிய பையாகத் தைத்துவிட்டாள். இரண்டு கையும் பறிக்கலாம், கீரை பைக்குள் விழும், துண்டு தலையை விட்டு இறங்காது. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது பொன்னாயி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஏ மாதம்மா, சட்டையில தூளி கட்டிட்டயா? உள்ள யாரு தூங்கறா?”

சிரித்து முடித்து, அளவு பார்த்துக்கொண்டு போனாள். அந்த வாரக் கடைசியில் பொன்னாயியின் சேலைக்கு மேலேயும் அப்படியொரு சட்டை ஏறியது. மடி கட்டினால் சேலை நனைந்து போகிறதாம், அதற்காகவாம்.

செப்டம்பர் மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை, மழைத் தூறலில், காலை பதினொன்றரை மணிக்கு மெர்சியின் ஸ்கூட்டர் மண் ரோட்டில் வழுக்கிக்கொண்டே வந்தது. வண்டியை நிறுத்தக்கூட இல்லை, சத்தம் கொடுத்துக்கொண்டே வந்தாள். காதில் வெட்டியது புற்றுநோய்தான். ஆரம்பக் கட்டம். சுற்றிலும் நல்ல தோல் வரை சுத்தமாக எடுத்தாகிவிட்டது, மிச்சம் இல்லை. அதனால் பிப்ரவரிப் பேச்சு அப்படியே நிற்கட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மெர்சி ஈரத்தோடு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். என் பேச்சால்தானே அக்கா நீங்கள் வெயிலில் குனிந்தீர்கள் என்றாள். மாதம்மாளுக்கு அழுகை வரவில்லை. பேச்சு முடிகிறதுக்குள் எழுந்து போனவள் நான்தானே சிஸ்டர் என்றாள். பிறகு புற்றுநோய் என்ற சொல் மெல்ல உள்ளே இறங்கியது. அது என் காதில் இருந்தது, இப்போது இல்லை என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வேலை இன்னும் பெரியது. பை தைத்தால் மட்டும் போதாது, பத்து மணி வெயிலுக்கே போகக்கூடாது. கீரை நிழலுக்கு வர வேண்டும். சவுக்கு மரத்தடியில், மிளகுக்கும் காபிக்கும் நடுவே, பன்னிரண்டடி நீளம் ஐந்தடி அகலத்தில் பாத்தி கட்டித் தண்டுக்கீரை விதைத்தாள். அக்டோபர் ஒன்பதாம் தேதி பார்த்தபோது அது முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது, நூல் போல, மஞ்சளாக. விரலால் தொட்டால் ஒடிந்தது. வெயிலில்லாமல் வளராத கீரை. வயலில் தானாக வருகிற பண்ணைக்கீரையின் விதையைக் கொண்டு வந்து தூவினாள். அது முளைக்கவே இல்லை. பத்தொன்பது வகையில் பன்னிரண்டு வகை வெயிலின் பிள்ளைகள் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஓடைக்கரைக்குப் போய் மண்டியிட்டுத் தேடினாள். கல் இடுக்கில், ஈரத்தில், வெயிலே எட்டாத இடத்தில் வல்லாரை படர்ந்து கிடந்தது. இத்தனை வருடமாக மிதித்துக்கொண்டு நடந்தது. வேரோடு பெயர்த்து வந்து பாத்தியின் கீழ்க்கோடியில் நட்டாள். மெர்சி தான் தங்கியிருக்கும் குவார்ட்டர்ஸ் சுவரோரம் வளர்ந்த தவசிக்கீரையிலிருந்து இருபத்து நான்கு குச்சி ஒடித்துக் கொடுத்தாள். நட்டதில் இருபத்தொன்று துளிர்த்தது. பொன்னாங்கண்ணி மரங்களுக்கு இடையே வெளிச்சம் விழும் இடத்தில் பிடித்துக்கொண்டது. டிசம்பர் முதல் வாரத்தில் தினம் ஒரு வேளைக்குக் கீரை மரத்தடியிலேயே கிடைத்தது. நிழலில் பனி சீக்கிரம் காயாதே என்ற கவலைக்கும் வழி கண்டாள்: காலையில் பறிக்காமல் மாலை நான்கு மணிக்குப் பறித்தாள். அழுகவில்லை. அதே ராத்திரி சமைத்துவிடுவதால் அழுக நேரமும் இல்லை.

மீதி வகைகளுக்குப் பொன்னாயியோடு மாத்தாள் வேலை பேசிக்கொண்டாள். ஆளுக்கு ஆள் மாற்றி வேலை செய்துகொடுப்பது மலையில் வழக்கம்தான். நாள் கணக்கில் செய்வார்கள், இவர்கள் மணிக்கணக்கில் செய்தார்கள். பத்து மணி வெயிலில் பொன்னாயி இவள் வயலில் கீரை பறிப்பாள். அந்த நேரம் இவள் பொன்னாயி வீட்டுக் கொட்டகைக்குள் அவரைக்காய் உரித்து, மிளகு உதிர்ப்பாள். சாமை அறுவடைக்கு விடியற்காலை ஐந்தே முக்காலிலிருந்து ஒன்பது வரை மாதம்மாள் இறங்கினாள், ஒன்பதுக்கு மேல் அண்ணன் இறங்கினார். ஒன்பது அடித்தும் அவள் அரிவாளை வைக்கவில்லையென்றால் பொன்னாயி வரப்பிலிருந்து கூப்பாடு போடுவாள். செல்லமுத்துவுக்கு மட்டும் பிப்ரவரி வரட்டும் என்ற முகம்தான்.

2025 பிப்ரவரி இருபது, வியாழக்கிழமை. மாதம்மாள் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. பத்து நாற்பதுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் துண்டை அவிழ்க்கச் சொல்லி, விளக்கைக் கிட்டே இழுத்து, கழுத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். காதை மடக்கிப் பார்த்தார். முகம், உதடு, கை, பாதம். பதினேழு நிமிடம். செல்லமுத்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலது முன்கையில ஒண்ணு புதுசா வந்திருக்கு,” என்றார் டாக்டர்.

மாதம்மாள் சட்டென்று எழுந்துவிட்டாள். டாக்டர் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு மீதியைச் சொன்னார். மிளகு விதை அளவுகூட இல்லை, இப்போதே பொசுக்கிவிடலாம். பழைய வெயிலின் மிச்சம் இப்படி அவ்வப்போது வரத்தான் செய்யும், வாழ்நாள் முழுதும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்தே ஆக வேண்டும். ஆனால் கழுத்தில் ஒன்றும் இல்லை. காதில் ஒன்றும் இல்லை. அந்தச் செங்கல் நிறப் பட்டையே வெளுத்துக்கொண்டு வருகிறது.

“வயலுக்குப் போலாமுங்களா?”

“ஒன்பது மணிக்கு முன்னாடி, நாலு மணிக்கு மேல. நடுவுல நிழல்ல எது வேணா செய்யுங்க.”

“அதைச் சீட்டுல எழுதிக் குடுங்க. பெருசா எழுதுங்க, எனக்குத் தெரியற மாதிரி.”

டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். மாதம்மாள் சீட்டை வாங்கிக் கண்ணருகே பிடித்து முழுதும் படித்தாள். நடுவில் நிழலில் வேலை செய்யலாம் என்பது விட்டுப்போயிருந்தது. திருப்பிக் கொடுத்து அதையும் எழுத வைத்தாள். பிறகு அண்ணனிடம் நீட்டினாள். செல்லமுத்து அதை இரண்டு முறை படித்து, நான்காக மடித்து, அவளிடம் கொடுக்காமல் தன் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஆடிக்கு விதைச் சாமை போதுமா, இல்லை நான் கொஞ்சம் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டார். போதும் என்றாள்.

திரும்பும் பஸ் பிற்பகல் மூன்று இருபதுக்குக் காரவள்ளியைத் தாண்டி மலையேறத் தொடங்கியது. மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவு. கூட்டம் இல்லை. சாய்ந்த வெயில் ஒரு வளைவில் இடது ஜன்னல் வழியாக வரும், அடுத்த வளைவில் வலது ஜன்னலுக்கு மாறும். துண்டு கட்டியிருந்தாலும் மாதம்மாள் இன்று ஒரு துளி வெயிலையும் விடுவதாக இல்லை. வெயில் இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள், அந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம். மலையும் மரமும் மறைத்த வளைவுகள் போக இருபத்து மூன்று முறை இடம் மாறினாள். கண்டக்டர் ஏம்மா பஸ்ஸுக்குள்ளேயே நடந்து ஊர் போகிறாயா என்று கேட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள், மாதம்மாள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

செல்லமுத்து முதல் ஐந்தாறு வளைவு வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு வளைவு வருவதற்கும் முன்பே, கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து எதிர்ப்பக்கம் போய், நிழல் விழப்போகிற இருக்கையில் தன் பையை வைத்து, தங்கைக்கு இடம் பிடித்துக்கொண்டிருந்தார்.